படியில்லாத தொட்டி

மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்ததும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் குளிக்கக் கிளம்பிவிடுவார்கள். நானும் கூடப் போவேன். கழற்றிப்போட்ட துணிகளுக்குக் காவலாக ஒருத்தி கரையில் உட்கார வேண்டுமே, அந்தப் பதவிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் கால்கள் இரண்டையும் சூம்ப வைத்துவிட்டது. கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு சமதரையில் நடப்பேன். பாசி படிந்த படித்துறையில் அது நடக்காத காரியம். ஒன்பது வயதுவரை தண்ணீர் எனக்கு வாளியிலும் செம்பிலும்தான் வந்தது.

நானும் இறங்கவேண்டும் என்று அழுது தீர்த்த ஒரு நாள், சித்தப்பா மனம் இளகினார். அவர் செக்காலையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போகவேண்டியிருக்கிறது, அது ஓடினால் குழாய்க்கு நேரே உன்னை உட்காரவைக்கிறேன் என்றார். அம்மாவிடம் பிள்ளையார்பட்டிக்கு என்று சொல்லிக்கொண்டோம். சாமி பெயரில் சொன்ன பொய் என்பதால் அம்மா சந்தோஷமாக இட்லி கட்டிக்கொடுத்து அனுப்பினாள். சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார் சித்தப்பா.

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு அது. சொந்தக்காரர்கள் மெட்ராஸோடு போய்விட்டார்கள். கல்யாணம் ஒன்று வருவதால் பல வருஷமாக ஓடாமல் கிடந்த மோட்டாரைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்தவள் வீட்டைக் கவனித்துக்கொள்கிறவள். முப்பது வயது இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் என் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பழகிப்போன வரிசை அது. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு வரவேயில்லை.

சித்தப்பா என்னைத் தூண் ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் பின்கட்டுக் கிணற்றுக்குப் போனார். சற்று நேரத்தில் அவள் வந்து என் முன்னால் நின்றாள்.

"வாங்க ஆச்சி. தண்ணி நெறச்சு வச்சிருக்கேன்."

அந்த மாதிரிப் பெரிய வீடுகளில் சின்னப் பெண்ணையும் ஆச்சி என்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளை. வேலை செய்கிற வீட்டுப் பழக்கத்தில் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பெரியவள் என்னை மரியாதையாகக் கூப்பிடுவது நன்றாகவும் இருந்தது. எழுந்தேன்.

இரண்டு பக்கமும் பூட்டிய அறைகள். பூப்போட்ட தரையில் என் கட்டை டக், டக் என்று விழ, அடுத்த கட்டுக்குள்ளிருந்து அதே சத்தம் ஒரு கணம் பிந்தித் திரும்பி வந்தது. அவள் என் நடைக்குச் சரியாகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நிலைப்படி வரும்போதும், நான் தடுமாறுவதற்கு முன்பே, என் இடது முழங்கைக்குக் கீழே அவள் கை வந்து தாங்கியது. எங்கள் அம்மாவுக்கே அந்தப் பக்குவம் வர இரண்டு மூன்று வருஷம் ஆனது.

கடைசி முற்றத்தில் தொட்டி இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. அதற்குப் படி இல்லை. கரையிலிருந்து தண்ணீருக்குள் சொரசொரப்பான கல்லில் ஒரு சரிவு இறங்கியது. இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பி. பெரியவர்கள் பிடிப்பதானால் குனிய வேண்டும். என் கைக்குச் சரியாக இருந்தது. கிணற்றடியிலிருந்து தொட்டிவரை தரையெல்லாம் ஈரத் தடம், ஓரத்தில் இரண்டு வாளிகள். மோட்டார் ஓடாத வீட்டில் இவ்வளவு பெரிய தொட்டியை வாளியால் யார், எதற்காக நிறைக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டையை வாங்கி வைத்துவிட்டு அவளும் கூட இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அங்கே வந்ததும் கம்பியை விட்டேன். நின்றேன். அதுவரை எதையும் பிடிக்காமல் நான் நின்றதில்லை. கால்கள் என்னுடையவை என்றே தெரியாமல் லேசாக மிதந்தன. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அங்குட்டு மூலைக்கு மட்டும் போகாதீக. ஆழம். போன தடவ அங்குட்டுத்தானே போனீக?"

நான் அந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அவள் காட்டிய மூலையில் தண்ணீர் கறுப்பாக நின்றது. ஆனால் நான் அவள் நினைக்கிற ஆள் இல்லை என்று சொன்னால் உடனே கரையேற்றிவிடுவாள். "ஆமா" என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்தாள். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"என்னயக் கூப்பிட்டீகளா ஆச்சி? மோட்டார் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"கூப்பிட்டேன்."

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இன்னுங் கொஞ்ச நேரம் தண்ணியில இருக்கட்டுமா?"

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்த அந்த நேரத்தில்தான் பின்கட்டில் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சுவரிலிருந்த குழாய் இருமி, துருத்தண்ணீரைச் செக்கச்செவேலென்று தொட்டிக்குள் கொட்டியது.

அவள் அலறிய அலறல் எனக்குக் கேட்கவில்லை. திறந்த வாய்தான் தெரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து, அக்குளில் கைகொடுத்து, சரிவில் தரதரவென்று மேலே இழுத்தாள். முழங்கால் கல்லில் உரசித் தோல் போனது. "விடுங்க, விடுங்க" என்று கத்தினேன். கரைக்கு வந்த பிறகும் விடவில்லை. என்னை மார்போடு இறுக்கி, சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டு, குழாயையே பார்த்தபடி நடுங்கினாள். எனக்கு மூச்சு முட்டியது. இவள் என்னைக் கொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

குளிக்கக் கூப்பிட வந்த சித்தப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னைத் தூக்கிக்கொண்டார். கூலிகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, சித்தப்பா ஒரு நாள் விவரம் சொன்னார். அந்த வீட்டில் என்னைப் போலவே கால் விளங்காத பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளுக்காக அவளைப் பெற்ற அப்பச்சி கட்டியதுதான் அந்தத் தொட்டி. பார்த்துக்கொள்ள வைத்த பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது. துண்டு எடுக்க உள்ளே போயிருந்தாளாம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாம். பிள்ளை தண்ணீரில் போனதும் மற்றவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் தன் உறவுக்காரர்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. நாங்கள் வந்துபோன மறுநாள் காலையில், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாளாம். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் கிசுகிசுத்துக் கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொல்லியிருந்தேன். கூப்பிட்டேன் என்றேன். கோபமில்லை என்றேன். இரண்டில் எதை எடுத்துக்கொண்டு போனாளோ. இரண்டுமே நான் சொல்வதற்கு உரியவை அல்ல.

அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. ஈரப் பாவாடையோடு சைக்கிளில் திரும்பும்போது, "அம்மாகிட்டச் சொல்லிராத" என்று சித்தப்பா இரண்டு தடவை சொன்னார். நான் உம்மென்று வந்தேன். இன்னும் ஒரு கால் மணி நேரம் என்னைத் தண்ணீரில் விட்டிருக்கலாமே என்பதுதான் என் கோபமெல்லாம்.