பால்பல்லுக்கு என்ன வலி

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. நானும் கணவரும் அவிநாசி சாலையில் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனோம். வாசலில் மீன்தொட்டி, சுவரில் கரடிப் படம். குழந்தைகளுக்கென்று அங்கே செய்திருந்தது அவ்வளவுதான்.

டாக்டர் ஊசி போட்டார். பல் மரத்துப்போகும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“பால்பல்லுக்கு என்னங்க வலி? சும்மா பயம். அம்மா கையப் புடிச்சுக்குங்க, சார் காலப் புடிச்சுக்கட்டுங்க.”

எங்கள் ஊரில் ‘ங்க’ சேர்த்துச் சொல்லிவிட்டால் எந்த முரட்டுத்தனமும் மரியாதையாகிவிடும். நாங்களும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டோம். படித்தவர்கள் இரண்டு பேர், பெற்ற பிள்ளையை ஆட்டுக்குட்டி மாதிரி அமுக்கினோம்.

“வலிக்குதும்மா” என்று கத்தினாள்.

“வலிக்காது கண்ணு” என்றேன். துளை விழுந்துகொண்டிருந்தது அவள் பல்லில். வலிக்காதென்று தீர்ப்புச் சொன்னவள் நான்.

அவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள். அவர் துடித்துப்போனார். துடிக்கத்தானே செய்வார், அவர் விரலுக்கு யாரும் ஊசி போட்டிருக்கவில்லை.

“புள்ளையச் செல்லங் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்க” என்று வேலையைப் பாதியில் விட்டு, பல்லில் பஞ்சை அடைத்து அனுப்பினார்.

அதன்பிறகு பல் தேய்க்கக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை. குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கும் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார், பயந்த பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்புவாயு கொடுப்பார் என்று அலுவலகத் தோழி சொன்னாள்.

“பல்லுக்குப் போயி மயக்கமா? நாங்கெல்லாம் நூலக் கட்டி இழுத்துப்போடலயா?” என்று கணவர் சிரித்தார். முந்தின வருடம் தன் பல்லைப் பிடுங்க இரண்டு ஊசி போதாதென்று மூன்றாவது கேட்டு வாங்கிக்கொண்ட வீரர் அவர்.

நான் அவரைக் கேட்காமலே கூட்டிப்போனேன். அதற்குள் பல்லைக் காப்பாற்ற வழியில்லாமல் போயிருந்தது. முதல் நாள் அந்த டாக்டர் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. வீக்கத்துக்கு மருந்து எழுதினார். மூக்கில் வைக்கும் மூடியை அவள் கையில் கொடுத்து விளையாட விட்டார். அடுத்த வாரம் வாயு கொடுத்து, ஈறில் மருந்து தடவி, ஊசி போட்டு, காத்திருந்தார். காத்திருப்பதும் வைத்தியம்தான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இது முழு மயக்கமில்லீங்க, முழிச்சுத்தான் இருப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம் குனிந்தார். “வலிச்சா கையத் தூக்கு அம்மணி. நிறுத்திப்போடறேன்.”

வலிக்காமலே மூன்று முறை தூக்கினாள். மூன்று முறையும் அவர் நிறுத்தினார். நாலாவது முறை அவள் தூக்கவில்லை. பல் வந்துவிட்டது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. பல் டாக்டரிடம் பயமே இல்லை. நான் மட்டும் உள்ளே வரக் கூடாது.

“நீங்க வெளியவே இருங்கம்மா” என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை. நானும் ஏனென்று கேட்டதில்லை.