ஆடி மாதத்தில் இடித்த வீடு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுது ஓய்ந்துவிட்டோம், கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. இதைப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அம்மா பிறந்தது பிள்ளைச்சாவடியில், மீன்பிடிக் குடும்பத்தில். புதுச்சேரி நகரத்தில் வாழ்க்கைப்பட்டு, வாய்க்கால் கரைக் குடிசைக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, மீன்கூடை சுமந்து தம்பியையும் என்னையும் ஆளாக்கினார். உதவி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வம்புக்கு வந்தவரைச் சும்மா விட்டதுமில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கியதை ஊரே கொண்டாடியபோது, "வெள்ளக்கார முசியே போயி சார் வந்துருக்காரு. நம்ம கூரை அதே மாதிரிதான ஒழுவுது" என்று சிரித்தார்.

சில வருடம் கழித்து ஒரு சார் வந்தார். கரையைக் காலி செய்ய வேண்டும், உழவர்கரையில் ஆளுக்கொரு மனை, அதுவும் உடனே போகிறவர்களுக்குத்தான் என்றார். அப்போதுதான் ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யார் குடிபோவார்கள்? அம்மா கைகூப்பிக் கேட்டார்.

"ஆவணி பொறந்ததும் போயிடறேன் சார்."

"கவர்மெண்டுக்கு ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாதும்மா."

அந்த வாரமே குடிசையை இடித்தார்கள். ஆடி முழுவதும் மார்க்கெட் சுவரோரம் படுத்தோம். ஆவணி பிறந்ததும் மனைக்குப் போனால், அங்கே வேறொருவர் கூரை. முறையிட அம்மா அந்த அதிகாரியின் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பால் காய்ச்சுகிறார்கள். புது வீட்டுக்கு அன்றுதான் குடிவந்தாராம். ஆடி கழியட்டும் என்று காத்திருந்தாராம். அவர் வீட்டுச் சமையல்காரரே சொன்னார்.

"ஆடி உங்க வூட்டுக்கு மட்டுந்தான் வருமா சார்?" என்று அம்மா வாசலில் நின்றே கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதன்பிறகு வாடகை வீடுகள்தான். மீன் நாற்றம் என்று ஒருவர் விரட்டினார், தண்ணீர் அதிகம் இறைக்கிறோம் என்று இன்னொருவர். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "சாவு கீவுன்னா இங்க வச்சிக்காதீங்க" என்றார். உயிர் பிரிந்ததும் உடலை உள்ளே வைக்க விடவுமில்லை. எங்களைப் பெற்றவரைத் தெருவில் கிடத்தினோம். இந்த அநியாயத்தை எந்த மனதால் தாங்குவது?

தெருவில் பந்தல் போட்டுத் தந்த எதிர்வீட்டுத் தையல்காரருக்கும், தம் கிணற்றடியில் எங்களைக் குளிக்கவிட்ட அவர் மனைவிக்கும், பாடை சுமந்த மாமன்மார்களுக்கும் எங்கள் நன்றி. அந்த அதிகாரியையும் வீட்டுக்காரரையும் மன்னிக்கும் பெருந்தன்மை எனக்கில்லை.

"படையல் எந்த இல்லத்துலன்னு போடறது?" என்று இந்த நினைவுமடலை அச்சடிக்கும் அச்சகத்தார் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். இப்போதுள்ள வீட்டுக்காரரும் படையலுக்கு ஒப்பவில்லை. ஆகவே உறவினர்கள் அனைவரும் நினைவு நாளன்று காலை கடற்கரைக்கு வந்துவிடுங்கள். மணலில்தான் அம்மாவுக்கு இலை போடுகிறோம்.