இட்லித் தட்டில் ஒரு ரேடியோ

மகளுக்கு வாங்கிய ரேடியோ கிட்டில் முதல் ஈயத்தை உருக்கினேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், பஞ்சாலைக்குப் பின்னால், இப்போது லாட்ஜ்காரன் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் சமையலறைக்கே போய்விட்டேன். அங்கே தம்பி சேகர் அம்மாவின் இட்லித் தட்டை எடுத்துவந்து, குழிக்கு ஒரு வகையாக ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், திருகாணி என்று பிரித்து வைப்பான். நான் பற்றவைப்பேன், அதாவது விரலைச் சுட்டுக்கொள்வேன். ரேடியோ பாடுகிறவரை வீட்டில் தோசைதான்.

"டேய், தட்ட எப்பதான்டா தருவீங்க?" என்பாள் அம்மா.

"அண்ணன் கைய பாத்தியாம்மா? நாளைக்கும் தோசயே ஊத்திடு" என்று சிரிப்பான் சேகர்.

நான் மூடுகிற எந்த ரேடியோவிலும் ஒரு திருகாணி மிஞ்சும். அதை எங்கே போடாமல் விட்டேன் என்று தட்டைப் பார்த்தே அவன் சொல்லிவிடுவான்.

சேகர் இந்த மாசியில் இறந்துவிட்டான். இன்றைக்கும் இட்லித் தட்டில்தான் எல்லாவற்றையும் பரப்பினேன். ரேடியோ பாடுகிறது. ஒரு குழியில் திருகாணி மிஞ்சிக் கிடக்க, "எங்கடா விட்டேன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். தட்டைக் கேட்கவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.