இப்போது என்னை ‘நீங்க’ என்கிறாள்

சிநேகிதியின் பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், அதை அவளிடம் எப்படிச் சொல்வது? இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சொன்ன விதம் பிழை என்று சில நாட்களில் நிச்சயமாகத் தெரிகிறது. வேறு சில நாட்களில் அதுவும் நிச்சயமில்லை.

கல்யாணத்துக்கு முன்பு கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவள் கொட்டாஞ்சேனை. அவளுடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து நகைக்கடை ஒன்றில் வேலைக்கு நின்றவர். பேச வேண்டும் என்பதை நான் எங்கள் வழக்கில் ‘உன்னோட கதைக்க வேணும்’ என்றால், “கதையா? ராஜா கதையா, பேய்க் கதையா?” என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும்.

அவள் பொய் சொல்லமாட்டாள். ஒருமுறை நான் ஆசையாக வாங்கிய மஞ்சள் சேலையை அலுவலகத்தில் எல்லோரும் நல்லாயிருக்கிறது என்றார்கள். அவள் மட்டும், “இதைக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்காத. மதில்னு நெனச்சு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருவானுங்க” என்றாள். மத்தியானமே கடைக்குப் போய்ச் சேலையை மாற்றினேன். அவளும் கூட வந்தாள்.

மகள் பிறந்த பிறகு எனக்கு அழுகை நிற்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாத அழுகை. பால் வற்றிவிடும், அழாதே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கடமையாகக் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் ஒரு நாள் பார்க்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “புள்ள பொறந்த வீடு மாதிரி இல்லடி, ஏலம் போன வீடு மாதிரி இருக்கு” என்றாள். பிறகு குரலை இறக்கி, “இது சும்மா அழுகை இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும். பைத்தியம்னு எவளாவது சொன்னா எங்கிட்ட அனுப்பு, அசல் பைத்தியம் எப்படி இருக்கும்னு காட்டுறேன்” என்றாள். கூட்டிப் போனதும் அவள்தான். மருந்து எடுத்துத் தேறினேன். இதை என் அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

தேறினேனே தவிர, பயம் போகவில்லை. மகள் தும்மினால் வைத்தியரிடம் ஓடுவேன். அதனால் அவள் எனக்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பெயர் வைத்தாள். தொலைபேசியை எடுத்தவுடனே, “சொல்லு ஆஸ்பத்திரி, இன்னைக்கு என்ன வார்டு?” என்பாள்.

அவளுடைய மகன் என் மகளைவிடச் சில மாதம் இளையவன். வடிவான பிள்ளை, பெரிய கண். இரண்டு வயது கடந்தும் ஒரு சொல் வரவில்லை. ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும் என்றாள் அவளுடைய மாமியார். பாலர் பாடசாலை ரீச்சர் வேறு காரணம் சொன்னாராம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், ரீவியில் ஆங்கிலம். மூன்று மொழியில் பிள்ளை குழம்பிப்போய் இருக்கிறது, இனி ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று. இந்தக் காரணத்தை நானும் நம்பினேன். கொழும்பில் இதைக் கேட்காத தாய் யார்? அன்றிலிருந்து அவள் வீட்டில் ஆங்கிலம். “கம் பேபி, ஈட் பேபி” என்று மகன் பின்னால் திரிவாள். “எங்க வீட்டுக்காரரு இனிமே கொறட்டைகூட இங்கிலீசுலதான் விடணும்” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து, முடிகிற கடற்கரையில் இருந்தோம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கல். தெகிவளைப் பக்கமிருந்து ரயில் ஊதிக்கொண்டு வந்தது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்தாள். அவன் ரயிலுக்கு முதுகு காட்டி, சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ரயில் கிட்ட வந்து கல் அதிர்ந்தபோது உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தான். திரும்பவில்லை.

“பாரு, தொரைக்கு ரயிலெல்லாம் ஒரு பொருட்டே இல்ல” என்றாள் அவள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “உனக்கு எல்லாத்திலயும் பயம். எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லாத காய்ச்சலுக்கே எத்தினை தரம் ஓடினனி? நீ என்ன டொக்டரோ?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் பயத்தை நானே நம்புவதில்லை. அவளிடம் போய் ஒன்றைச் சொல்லி, அது பிழையாகிப்போனால்? நிச்சயப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மழை தொடங்கியது. அவள் உடுப்பு எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினாள். அவன் சமையல் குசினித் தரையில், எனக்கு முதுகு காட்டி, உடுப்புக் கிளிப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். நான் சோற்றுச் சட்டியின் மூடியை எடுத்து, சீமெந்துத் தரையில் விழவிட்டேன். “அம்மா, என்ன உடைஞ்சது?” என்று முன்னறையிலிருந்து என் மகள் கத்தினாள். அவன் அடுத்த கிளிப்பை எடுத்து வைத்தான். விளையாட்டில் கவனமாக இருக்கிறான் என்று நினைத்து இரண்டாம் தரமும் போட்டேன். மூடியை எடுக்கக் குனிந்தபோது அவள் தோளில் உடுப்போடு வாசலில் நின்றாள்.

“என்னாடி, என் சட்டிபானை மேல உனக்கு என்ன கோவம்?”

கை வழுகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

“அவனுக்குக் காது கேக்குதோ எண்டு பாத்தனான்.”

“கேக்கும் கேக்கும். புடிச்சது மட்டும் கேக்கும். அவங்கப்பா மாதிரி.”

நல்ல பகிடிதான். அவள் என் முகத்தைப் பார்த்தபடி நான் சிரிக்கக் காத்திருந்தாள். நான் சிரிக்கவில்லை.

“ரெண்டு தரம் போட்டனான். திரும்பேல்லை. அண்டைக்கு ரயிலுக்கும் திரும்பேல்லை. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமடி. நானும் வாறன்.”

அவள் என் கையிலிருந்த மூடியை வாங்கிச் சட்டியை மூடினாள். “நான் இல்லாத நேரமா பாத்து எம் புள்ளைய வச்சுப் பரீட்சை பண்ணுனியா?” பிறகு, “எல்லாப் புள்ளைக்கும் ஏதாவது நோய் இருக்கணும் உனக்கு” என்றாள். குரல் உயரவில்லை.

அதன்பின் மகனைக் கூப்பிட்டாள். முதலில் மெதுவாக, “பேபி, கம்.” பிறகு சத்தமாக. பிறகு, எத்தனையோ மாதம் கழித்துத் தமிழில், “டேய் தங்கம், அம்மாவப் பாருடா.” அவன் கிளிப்புகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான்.

“மழைச் சத்தத்துல கேக்கல” என்றாள்.

அவள் தோளில் கிடந்த உடுப்பை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. “மழை விடட்டும், நீ கெளம்பு” என்றாள். சாப்பிடாமல் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. நானும் ஒரு கட்டத்துக்கு மேல் அழைப்பதை விட்டேன். வாரங்கள் கழித்து ஒரு செய்தி வந்தது. ‘செக் பண்ணினோம். ரெண்டு காதும் கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க சொன்னது சரிதான். நன்றி.’ வேறு யாருக்கோ எழுதியதை எனக்கு அனுப்பிவிட்டாளோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். எனக்குத்தான். அவன் காதில் மூன்று மொழியும் விழவில்லை. ஒன்றும் விழவில்லை.

இப்போது நான் அழைத்தால் பேசுகிறாள். “இருக்கோம். பாப்பா நல்லாருக்காளா? நீங்க எப்படி இருக்கீங்க? சரி, வைக்கட்டுங்களா?” அலுவலகத்தில் எங்கள் மேலாளரிடம் இப்படித்தான் பேசுவாள். போனை வைத்த பிறகு அவரைப் போல நடித்துக் காட்டுவாள். என்னோடு பேசி வைத்த பிறகு யாரிடம் நடித்துக் காட்டுகிறாள் என்று தெரியவில்லை. யாரிடமாவது காட்டட்டும் என்றும் நினைக்கிறேன்.

கணவர், “நீ சொன்னபடியால்தானே பிள்ளையைக் காட்டினவை. பிறகென்ன?” என்கிறார். அது உண்மை. ஆனால் என் அழுகைக்கு அவளிடம் ஒரு பகிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் வைத்தியரிடம் போனேன். அவள் பிள்ளையின் காதுக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மூடி இருந்தது.

பிள்ளைக்குக் காதில் கருவி பொருத்தியிருக்கிறார்களாம். அவளுடைய தங்கை சொன்னாள். பேச்சுப் பயிற்சிக்கு எங்களுக்குப் பக்கத்து ஹெவ்லொக் டவுனுக்கு வருகிறார்களாம். பஸ்ஸில் வந்து, எங்கள் வீட்டுக்குக் கிட்ட இறங்கி நடக்க வேண்டும். போன கிழமை பால்கனியிலிருந்து பார்த்தேன். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் வேகமாகப் போனாள். மெலிந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கூப்பிட்டால் கேட்டிருக்கும். நான் உள்ளே வந்துவிட்டேன்.

இனியும் அவள் இந்த வழியால்தான் வருவாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்க, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்ள, அந்தப் பயிற்சி நடக்கும்போது வெளியில் கூட இருக்க எனக்கு ஆசை. அது அவளுக்கு உதவியா, இல்லை என்னைக் காணும்போதெல்லாம் அந்தக் குசினிதான் ஞாபகம் வருமா?

இதை வாசிப்பவர்களில் யாராவது காது கேளாத பிள்ளையை வளர்க்கும் தாயாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்களிடம் அதை முதலில் சொன்னவளை நீங்கள் மறுபடி வீட்டுக்குள் விட்டீர்களா? அவள் என்ன செய்தபோது விட்டீர்கள்? நான் கீழே இறங்கி ஒழுங்கை முகப்பில் நிற்கலாமா, அல்லது அவளாக ஏறி வரும்வரை இருக்கவேண்டுமா? சொல்லுங்கள். எதுவென்றாலும் உண்மையைச் சொல்லுங்கள்.