இருபத்தாறு அங்குல மேடை

ஐம்பத்திரண்டு வயது ஆகும்வரை ஆக்னஸ் தன் கையால் ஒரு டீ போட்டு யாருக்கும் கொடுத்ததில்லை. யாரும் போட விட்டதில்லை என்பதுதான் சரி. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்க இரும்புக் கேலிப்பர் மாட்டிக்கொண்டு நடப்பாள். ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆம்பூரில் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையோ நின்று சமைப்பவர்களுக்காகக் கட்டியது. முதலில் அம்மா, பிறகு அண்ணி ஹெப்சி, இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

“உனக்கு எதுக்கும்மா சிரமம்? நீ உக்காரு.”

அவள் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பாள். முப்பது வருஷம் நறுக்கினாள்.

வேலை செய்யும் இடத்தில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அங்கே எல்லோருக்கும் ஸ்டூல் உண்டு. ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் அவள் பேட்டர்ன் கட்டர். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தைப் பார்த்து, ஒரு ஷூவுக்கு எத்தனை துண்டு தோல், ஒவ்வொன்றும் என்ன அளவு என்று அட்டையில் வெட்டிக் கொடுப்பாள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஷூ காலைக் கடிக்கும். அவள் வெட்டிய அட்டையைத் திருப்பி அனுப்பியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

அண்ணன் ஜெபசீலன் ரிட்டையர் ஆனதும் ஓசூரிலிருந்த மகன் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டான்.

“நீயும் வந்துடு ஆக்னஸ். அங்க மூணு ரூம் இருக்குது” என்றார் ஜெபசீலன்.

“எனக்கு வேலை இருக்குண்ணா.”

“வேலை இன்னும் எத்தினி வருஷம்? தனியா இன்னா பண்ணுவ?”

ஆக்னஸ் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். அவள் அறைக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி காலியிடத்தை அப்பா அவள் பெயரில் எழுதி வைத்திருந்தார். முன் வீட்டை வாடகைக்கு விட்டுவிடுங்கள், பின்னால் எனக்கென்று ஒரு சமையலறை கட்டிக்கொள்கிறேன் என்றாள். காண்ட்ராக்டர் பார்க்கவா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஹெப்சி அன்று முழுக்க அவளிடம் சரியாகப் பேசவில்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப்போட்ட அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவற்றை ஒட்டி, மேடை, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் நிஜ அளவிலேயே வெட்டினாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க யாரையும் கூப்பிடவில்லை. ஒரு செங்கல்லை அதன்மேல் வைத்துக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை மடக்கிப் பார்த்தாள். கேலிப்பர் மாட்டிய கால் மேடைக்குக் கீழே நீட்ட எவ்வளவு இடம் வேண்டும், எழுந்திருக்காமல் கை எந்தத் தட்டுவரை எட்டும் என்று பார்த்தாள். மூன்றாவது ஞாயிறுதான் கணக்கு சரியாக வந்தது. மேடை இருபத்தாறு அங்குலம். அடுப்பு வைக்கிற இடம் மட்டும் இன்னும் நாலு அங்குலம் இறக்கம், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமே.

அஸ்திவாரம் தோண்டிய வாரம் அண்ணன் குடும்பம் ஓசூருக்குக் கிளம்பியது. அதன் பிறகு காலையும் மாலையும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புதுச் சுவருக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் அடிப்பாள். முன் வீட்டுக்கு இன்னும் குடித்தனம் வரவில்லை. இரண்டு வேளையும் ஓட்டல் பார்சல். மழை வருமா, மணல் வந்ததா என்று மேஸ்திரி சீனிவாசனிடம் பேசுவதுதான் பேச்சு. அவர் வேலை முடித்துப் போய்விட்டால் மறுநாள் காலை வரை அதுவும் இல்லை.

ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் மேடைக்குக் கடப்பா கல் போட்டாகிவிட்டது. மேடை அளவு அட்டையைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தாள். ஆறு அங்குலம் கூடுதல் உயரம்.

“மேஸ்திரி, இன்னா இது?”

“எல்லா வூட்லயும் முப்பத்திரண்டுதான்க்கா. நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“தப்பா எழுதல. நான் உக்காந்து சமைக்கணும்.”

“புரியுதுக்கா. ஆனா வேற யாராச்சும் வந்து சமைக்கணும்னா? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போய்டும்.”

“வேற யாரும் வரமாட்டாங்க மேஸ்திரி. நான் ஒருத்திதான்.”

அதை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சீனிவாசன் சிமெண்ட் காய்வதற்குள் ஆட்களை வைத்துக் கல்லைத் தூக்கி, அதைத் தாங்கிய சுவரை இடித்தார். மறுநாள் லீவு போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு செங்கல் வரிசைக்கும் அவரே “பாருங்கக்கா” என்று அட்டையை வாங்கி வைத்துக் காட்டினார். இறக்கியபோது கல்லின் ஒரு மூலை உடைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பிப் போட்டார்கள்.

அலமாரிப் பலகைகளைத் தச்சர் அவள் அட்டைப்படி அறுத்துக் கொடுத்தார். உப்புத்தாள் தேய்த்ததும், திருகாணி முடுக்கியதும், வார்னிஷ் அடித்ததும் அவள்தான். கைப்பிடிக்குத் தோல் வார் வெட்டித் தைத்தாள். வேலூர் லாங் பஜாரில் சக்கரம் வாங்கி வந்து ஸ்டூலுக்குப் பூட்டினாள். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே ஒரு தள்ளில் போய்வர முடிந்தது.

சமையலறை தயாரான பிறகுதான் தெரிந்தது, தனக்குச் சமைக்கத் தெரியாது என்று. காய் நறுக்கத் தெரியும். எது முதலில் போவது, எப்போது அடுப்பைக் குறைப்பது, ஒன்றும் தெரியாது. கம்பெனியில் பக்கத்து மேஜையில் இருந்த கௌசரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ரசம் நாலாம் நாள் சரியாக வந்தது. பிரியாணி எப்படி என்று கேட்டபோது கௌசர் தயங்கினாள்.

“அரைக்கிலோவுக்குக் கம்மியா போட்டா நல்லா வராது ஆக்னஸ். ஒரு ஆளுக்குன்னா வேணாம், வாங்கிக்கோ.”

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜெபசீலனும் ஹெப்சியும் வந்தார்கள். ஹெப்சி வழக்கம்போல நேராகச் சமையலறைக்குள் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்தாள். அடுப்புக்கு முன் குனிந்தாள், நிமிர்ந்தாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இதுல ஆவாது ஆக்னஸ்.”

“நீங்க உக்காருங்க அண்ணி.”

சமையலறை வாசற்படிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஹெப்சி உட்கார்ந்தாள். ஆக்னஸ் ஸ்டூலை நகர்த்தி டீத்தூள் எடுத்தாள், இஞ்சி நசுக்கினாள், வடிகட்டினாள். அவள் கை போகிற இடத்தையெல்லாம் ஹெப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மடக்கு குடித்தபின் மெதுவாகக் கேட்டாள்.

“இத்தினி வருஷம் ஏன் சொல்லல?”

“நீங்க நல்லதுக்குதான சொன்னீங்க.”

ஜெபசீலன் தோல் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் இரவு தங்குவார்கள் என்று ஆக்னஸ் பாய் எடுத்து வைத்திருந்தாள். பேரனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. சாப்பிட்டதும் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தட்டுகளையும் டம்ளர்களையும் கழுவினாள். சிங்க் சரியான உயரத்தில் இருந்தது, தோள் வலிக்கவில்லை. ஹெப்சி உட்கார்ந்த நாற்காலியை உள்ளே எடுத்துவைக்கலாமா, அங்கேயே கிடக்கட்டுமா என்று யோசித்தாள். மழை வருவதுபோல இருந்ததால் எடுத்து வைத்தாள்.