முட்டை நடந்து வர வேண்டிய சரிவு

அந்தப் புகார் வந்தது புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. எந்த ஆண்டு என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மகள் அப்போது பத்தாம் வகுப்பு என்கிறேன் நான். பதினொன்று என்கிறாள் அவள். கிழமையில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் பட்டறை முதலாளி நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து வெறும் மோரோடு விரதம் இருந்தார். பசியோடிருக்கும் மனிதரிடம் வந்த புகார் என்பதால் அது அப்படியே நினைவில் நின்றுவிட்டது.

பட்டறை நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் இருந்தது. முட்டைக் கோழிகளுக்கான கம்பிக் கூண்டுகள் செய்துவந்தோம். அதற்கு முன்பு நான் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். இங்கே வரைபடம் போடுவதும், செய்து முடித்ததை அளந்து பார்ப்பதும் என் வேலை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். என் பேச்சு முதலாளிக்கு ஒரு வேடிக்கை. “சார் பேசுனா ரேடியோவுல செய்தி கேக்கறாப்பல இருக்குதுங்க” என்பார்.

அன்று போன் அடித்தது. முதலாளி எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏனுங்ணா, உங்க கூண்டுல முட்டை பாதி வழியில நின்னு யோசிக்குதுங்க” என்றது ஒரு பெண் குரல்.

“முட்டை யோசிக்குதா? என்னத்த அம்மிணி யோசிக்குது?”

“போலாமா வேண்டாமான்னு யோசிக்குதுங்க. அதுக்குள்ள கோழி மிதிச்சுப் போடுது. சித்தெ வந்து பாருங்ணா.”

வெல்டர் முகமூடிக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கூண்டின் சங்கதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோழி நிற்கும் தரை கம்பி வலைதான். அது பின்னாலிருந்து முன்னால் கொஞ்சம் சரிந்திருக்கும். கோழி போட்ட முட்டை அந்தச் சரிவில் உருண்டு, தீவனத் தொட்டிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு வந்து நிற்க வேண்டும். சரிவு குறைந்தால் முட்டை கோழியின் காலடியிலேயே கிடக்கும்; கோழி மிதிக்கும், கொத்தும். சரிவு கூடினால் முட்டை வேகமாக வந்து விளிம்புக் கம்பியில் மோதிக் கீறல் விடும். கூண்டு வியாபாரத்தின் மானம் முழுவதும் அந்தச் சரிவில்தான் இருந்தது. அதை நாங்கள் நூல் கணக்கில் பேசுவோம். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

போனில் பேசிய அம்மாவுக்குச் சேந்தமங்கலத்துக்கு மேற்கே தோட்டம். கணவர் ரிக் வண்டியோடு வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். தோட்டத்தில் சும்மா கிடந்த ஷெட்டில் கோழி வளர்க்கிறேன் என்று அந்த அம்மா கேட்டபோது, கணவரின் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒருவர் தறி போட அந்த ஷெட்டை வாடகைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். கடைசியில் குடும்பத்தில் பேசி முடித்தது இது: ஒரு பேட்ச் கோழி விட்டுப் பார்க்கட்டும். தீபாவளி வரைக்கும் முட்டை ஒழுங்காக லோடு ஏறினால் கோழி. இல்லையென்றால் கூண்டைப் பிரித்துவிட்டுத் தறி. கூண்டு கொண்டுபோய் இறக்கிய அன்றே இதை எங்களிடம் சொல்லிவிட்டார் அந்த அம்மா. “பாத்துச் செய்யுங்ணா. எனக்கு ரெண்டாவது தடவை கெடையாது” என்றார்.

ஆகவே புகாரை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆள் அனுப்பிச் சரிவைக் கூட்டிவிடுவது என்று முடிவாயிற்று. கூண்டுத் தரை பக்கவாட்டு வலையில் கொக்கிகளால் தொங்கும். பின்பக்கக் கொக்கியை ஒரு வலைக்கண் மேலே ஏற்றினால் சரிவு கூடும். அதற்கு முன் பட்டறையில் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அங்கேதான் வேறெந்த ஊர்ப் பட்டறையிலும் நடக்காத ஒன்று நடந்தது.

நாங்கள் சோதனை செய்வது நிஜ முட்டையை வைத்துத்தான். மாதிரிக் கூண்டில் பின்னாலிருந்து முட்டையை விடுவோம், அது வந்து சேரும் விதத்தைப் பார்ப்போம். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் பட்டறைக்குள் முட்டை நுழையக் கூடாது. சாப்பாட்டுத் தூக்கில்கூட வரக் கூடாது. முட்டையை நம்பிப் பிழைக்கும் ஊரில், முட்டைக்கூண்டு செய்யும் இடத்தில், அந்த ஒரு மாதம் முட்டைக்குத் தடை. இதில் யாருக்கும் எந்த முரணும் தெரிந்ததில்லை. முட்டை விற்பவர்களே அந்த மாதத்தில் முட்டை தின்ன மாட்டார்கள்.

“முட்டை இல்லாம எப்படிங்க டெஸ்ட் பண்றது?” என்றேன்.

“எலுமிச்சங்காய் இருக்குதுல்லீங்க சார். அதும் உருளும், இதும் உருளும்” என்றார் முதலாளி.

வெல்டிங் மெஷினுக்குப் பூஜை போட்ட பழங்கள் தட்டில் இருந்தன. பெரியதாகப் பார்த்து எடுத்து, ஏற்றிக் கட்டிய தரையில் ஒவ்வொன்றாக உருட்டினோம். அழகாக வந்து சேர்ந்தன. ஒன்றுகூடக் கீறல் விடவில்லை. “ஓகே” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எலுமிச்சம்பழம் எப்படிக் கீறல் விடும் என்று அங்கிருந்த யாரும் கேட்கவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று எல்லோருக்கும் திருப்தியாகவே இருந்தது; ஆட்கள் போய் அந்த அம்மாவின் கூண்டுகளிலும் கொக்கியை ஏற்றிவிட்டு வந்தார்கள்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் அடுத்த போன். இந்தத் தடவை குரலில் வேடிக்கை இல்லை.

“ஏனுங்ணா, இப்ப முட்டை ஓடி வந்து முட்டிக்குதுங்க. டிரேயில பாதி கீறலுங்க. கொழுந்தனாரு தெனமும் வந்து ஒடைசல் டிரேயத்தான் மொதல்ல பாக்கறாரு.”

போனை வைத்த முதலாளி எங்களைப் பார்த்தார். “நின்னாலும் தப்பு, ஓடுனாலும் தப்பு. இந்த அம்மிணிக்கு என்னதான் வேணுமாமா?”

தரக்கட்டுப்பாட்டைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கேள்விதான் முதல் அத்தியாயம். வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவர் சொல்லிலேயே கேட்டுக்கொள். பிறகு அந்தச் சொல்லை அளவாக மாற்று. பம்பு தொழிற்சாலையில் இதற்கென்று வகுப்புகூட நடத்தினார்கள். ஆனால் அங்கே வாங்குகிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அவர் ஒரு காகிதத்தில் எண்களாக வருவார். இங்கே கேள்விக்குப் பதில் ஆறேழு மைல் தள்ளி, ஒரு ஷெட்டுக்குள் இருந்தது. “நேர்ல போய்க் கேட்டுருவோம்ங்க” என்றேன்.

மறுநாள் காலை முதலாளியின் ஜீப்பில் போனோம். இரவெல்லாம் மழை பெய்து, கொல்லிமலை பாதிக்குமேல் மேகத்துக்குள் போயிருந்தது. அந்த அம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேலே கணவரின் முழுக்கைச் சட்டை.

“முட்டை எப்படி வரோணும்னு நெனைக்கறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று கேட்டார் முதலாளி.

அவர் யோசிக்கவே இல்லை. “பொண்ணு ஊட்டுக்கு வர்ற மாப்பிள்ளை மாதிரி வரோணுங்க. ஓடியாரவுங் கூடாது, வழியில நிக்கவுங் கூடாது. பொட்டாட்ட, சத்தமில்லாம நடந்து வந்து ஒக்காரோணும்.”

“கேட்டுக்கிட்டீங்களா சார்? இத எத்தன நூல்னு போட்டுக் குடுங்க பாக்கலாம்” என்றார் முதலாளி என்னிடம்.

நான் ரசமட்டத்தை எடுத்து, கோழி விடாமல் காலியாகக் கிடந்த ஓரக் கூண்டில் வைத்தேன். ஏற்றிய பிறகு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவே இருந்தது சரிவு. அடுத்த கூண்டும் அப்படியே. வரைபடத்துக்கும் வேலைக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அந்தத் திருப்தியோடு நிமிர்ந்தேன்.

“அதுல கோழியே இல்லீங்களே சார். அங்க எந்த முட்டை வரப்போகுது?” என்றார் அந்த அம்மா.

கோழி இருக்கும் கூண்டுக்குள் ரசமட்டத்தை விட்டால் அவை கொத்தின. அதனால் முதலாளி குனிந்து, கூண்டு வரிசைக்கு அடியில் தலையை விட்டு மேலே பார்த்தார். எச்சம் கீழே விழுவதற்காகவே கூண்டுகளை உயரத்தில் நிறுத்துவது வழக்கம். அது அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் மறந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் தோளில் ஒன்று, காலரில் ஒன்று. அவர் அசையவில்லை.

“சார், இங்க வாங்க. வந்து பாருங்க.”

நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தேன். எல்லாக் கோழிகளும் தீவனத்துக்காக முன்னால் வந்து நின்றிருந்தன. அத்தனை கனமும் விழுந்த இடத்தில் கம்பித் தரை தொட்டில் மாதிரித் தொய்ந்திருந்தது. பின்பாதியில் செங்குத்தான சரிவு, முன்பாதியில் சரிவே இல்லை. முதலில் முட்டை அந்தத் தொய்வில்தான் நின்று யோசித்திருக்கிறது. நாங்கள் தரையை ஏற்றிய பிறகு, கோழிகள் ஒதுங்கி நிற்கும் நேரமெல்லாம் தடையில்லாமல் ஓடி வந்து மோதியிருக்கிறது. சரிவு தப்பே இல்லை. அது கோழி இல்லாத கூண்டின் சரிவு.

முதலாளி வெளியே வந்து நிமிர்ந்தார். “இத்தன வருசமா கோழி இல்லாத கூண்டத்தானுங்க செஞ்சிருக்கறோம்” என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முதலாளிக்கு அப்போதுதான் சட்டையின் நினைவு வந்தது.

அந்த நேரத்தில்தான் கொழுந்தனார் பைக்கில் வந்து இறங்கினார். முதலாளியின் தோளைப் பார்த்தார். “என்னங்க, கோழியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சா?” என்றவர், உள்ளே போய் உடைசல் டிரேயைப் பார்த்துவிட்டு வந்தார். “தீவாளிக்கு இன்னும் எத்தன நாள் இருக்குதுன்னு தெரியுமில்லீங்க அண்ணி?”

“தெரியும் சாமி. நீங்க தெனமும் வந்து ஞாபகப்படுத்தறீங்கல்ல” என்றார் அந்த அம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது. கொக்கியைப் பழைய கண்ணுக்கே இறக்க வேண்டும். தரைக்கு அடியில், தொய்யும் இடத்தில், குறுக்கே ஒரு தாங்கு கம்பி கொடுக்க வேண்டும். வெல்டரை மெஷினோடு வரச் சொல்கிறேன் என்றார் முதலாளி. அந்த அம்மா கையை வீசி மறுத்தார். “பொறி தெறிச்சாக் கோழி மெரண்டு போயி முட்டையவே நிறுத்திப் போடுமுங்க. சத்தமில்லாமச் செய்யற மாதிரி எதாச்சும் பாருங்க.” இன்னொரு தேவை. அதையும் குறித்துக்கொண்டேன். கம்பியை வெல்டிங் இல்லாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்றை அன்று மாலையே வரைந்தேன். அடுத்த சில நாள், தீவனம் போட்டுக் கோழிகள் அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, பட்டறை ஆட்கள் வரிசை வரிசையாகக் கட்டினார்கள்.

முதல் வரிசை முடிந்த மறுநாள் காலை நான் அங்கே போனேன். கோழிகள் முட்டையிடும் நேரம். ஷெட் முழுக்க ஒரே கொக்கரிப்பு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு நடைபாதையில் அந்த அம்மா உட்கார்ந்தார், நான் நின்றேன். ஒரு கோழி பின்னால் ஒதுங்கி, குந்தி, எழுந்தது. ஈரம் காயாத முட்டை இரண்டு கால்களுக்கு நடுவில் அவசரமில்லாமல் வந்து, விளிம்பில் தொட்டு, லேசாக ஆடி நின்றது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

அதன்பின் பட்டறையின் வழக்கமே மாறியது. மாதிரிக் கூண்டில் எப்போதும் கோழிகள் நின்றன. முதலில் முகம் சுளித்த முதலாளி, பிறகு காலையில் வந்ததும் தீவனம் போடுவதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார். வெல்டிங் வெளிச்சத்துக்கு அவை பழகிவிட்டன. அடுத்த புரட்டாசியில் அவை போட்ட முட்டைகளை என்ன செய்வது என்று பெரிய விவாதமே நடந்தது. இன்று கூண்டு வாங்குகிறவர்கள் கைபேசியில் படம் பார்த்து, மாடல் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பெரிய பண்ணைகளில் முட்டையைப் பெல்ட்டே சேகரித்துக்கொள்கிறது. அவற்றில் தொய்வும் இல்லை, குறையும் இல்லை, நானே பார்த்தேன். ஆனால் முட்டை யோசிக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் போன் செய்வாரே, அந்தக் காலைகள் எனக்கு வேண்டியிருக்கின்றன.

தீபாவளிக்கு முன் அந்த ஷெட்டிலிருந்து லோடு ஏறியதை நான் பார்க்கவில்லை. தறிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். மார்கழியில் ஒரு நாள் காலை, பனி இன்னும் விலகாத நேரம், பட்டறை வாசலில் கொழுந்தனாரின் பைக் வந்து நின்றது. அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

“அண்ணி சொன்னாங்க, உங்ககிட்டச் சொன்னா வரைஞ்சு குடுப்பீங்கன்னு. அடுத்த ஷெட்டுக்கும் கூண்டு போடறோமுங்க.”

“சந்தோசம்ங்க. பழைய அளவுதானே?”

“இல்லீங்க.” கொஞ்சம் தயங்கினார். பிறகு வலது கையை மேசைமேல் வைத்தார். கலப்பை பிடித்துத் தடித்த கை. விரல் முட்டிகளில் புதுச் சிராய்ப்பு, வரிசையாக. “கதவ அண்ணி கைக்கு அளந்து செஞ்சிருக்கறீங்க போல. கோழிய வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்குத் தோலு உரிஞ்சு போகுது. எங் கை போற மாதிரி வேணுமுங்க.”

நான் டேப்பை எடுத்தேன். அவர் கையைக் கோழி பிடிக்கிறாற்போல மடக்கிக் காட்டினார்.