நெல்டா தேடிய கத்திக்காரர்

கத்திக் கண்காட்சிக்கு வருகிற ஆண்களை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. இடது கையைப் பார்த்தால் போதும். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கு முடி இருக்காது. கையில் எடுக்கிற கத்தியையெல்லாம் அங்கேதான் வைத்துச் சிரைத்துப் பதம் பார்ப்பார்கள். பிப்ரவரி மாதம் லிட்டில் ராக் நகரத்தில் கண்காட்சி நடக்கிற மண்டபத்துக்குள் நுழைந்தால் பாதிப் பேருக்கு ஒரு கை மட்டும் இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருக்கும். பெரிய மனிதர்கள்தான், வக்கீல், பல் டாக்டர் என்று. வெட்கமே கிடையாது.

என் கையில் முடி அப்படியே இருக்கிறது. எனக்கு அந்தப் பைத்தியம் இல்லை. பைத்தியம் என் பெண்டாட்டி நெல்டாவுக்கு. நான் ஹாய்ட், அவளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன். முப்பது வருஷம் மலைக்கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோய்ப் போட்டவன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். நானூறு பிள்ளைகளுக்கு வெங்காயம் நறுக்கிய கை. மேஜைக்கு முன்னால் போய் நின்று, "எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டு, பிடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்வாள். அலகில் விரல் படவே படாது. விரல் வியர்வை பட்டால் அந்த எஃகு துருப்பிடிக்கும். அவள் கண்ணை மூடினால் அந்தக் கத்தியைச் செய்தவர் எதிரில் மூச்சுவிடாமல் நிற்பார், பரீட்சை எழுதிய பையன் போல. கண்ணைத் திறந்து, "மூக்கு கொஞ்சம் கனம்" என்பாள், அலகின் முன்பக்கத்தை. அவ்வளவுதான். அந்த ஆள் அடுத்த வருஷம் கனத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்.

வருஷத்துக்கு ஒரு கத்திதான் வாங்குவாள். வாங்கியதை மற்றவர்கள் மாதிரி பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டுவதும் இல்லை. ஒருமுறை ஒரு பல் டாக்டர் பதறிப்போய்விட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐயோ, மிஸ் நெல்டா! அந்தக் கத்தியிலயா கேரட் நறுக்குனீங்க?"

"பின்ன என்ன, தொட்டில்ல போட்டுத் தாலாட்டவா?"

இதெல்லாம் மேலுக்கு. அவள் கைப்பையில் இன்னொரு கத்தி இருக்கும். அதற்காகத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

பத்து வருஷத்துக்கு முந்தைய மே மாதம். மத்தியானம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். அதன் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"போகாத ஹாய்ட். வண்டியத் திருப்பு" என்றாள்.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? இந்தப் பாலத்துல முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். சும்மா இரு" என்றேன்.

பாதிப் பாலத்தில் வண்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஓடை அதை இழுத்துக்கொண்டு போய் இடது பக்கமாகச் சாய்த்தது. எங்கள் ஊர் வண்டியில் ஓட்டுகிறவன் சீட் அந்தப் பக்கம்தான், அதனால் நான் அடியில். கதவு நசுங்கி என் இடது தோள் உடைந்தது. நெல்டாவின் சீட் பெல்ட் கழன்றுகொண்டது. என்னுடையது கழலவில்லை. தண்ணீர் முதலில் காதுக்கு வந்தது, பிறகு வாய்க்கு. அவள் தன் சீட்டுக்கு எதிரே இருந்த முன்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வாரி எறிவது தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது கரைச் சேற்றில் கிடந்தேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

முன்பெட்டியில் அவள் கைக்குக் கிடைத்தது ஒரு பழைய கத்தி. எப்போதோ சர்ச் விற்பனையில் ஒரு பெட்டி தட்டுமுட்டுச் சாமானோடு சேர்ந்து வந்ததை நான்தான் அதில் போட்டு வைத்திருந்தேன். பெல்ட்டை அறுத்தது அதுதான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறாள். யார் செய்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பெயர் இல்லை.

கையால் கத்தி செய்கிறவர்கள் அலகில் தங்கள் பெயரைப் பதிப்பார்கள். திருப்தி இல்லாத கத்தியில் மட்டும் பதிக்க மாட்டார்கள். இந்தக் கத்தி அந்த ரகம். பிடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அலகின் இடது பக்கம் மிகவும் தேய்ந்து மெலிந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், கற்றுக்குட்டி வேலை.

"செஞ்ச ஆளக் கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும். அவரு சாகறதுக்குள்ள, நான் சாகறதுக்குள்ள" என்றாள். அடுத்த பிப்ரவரியில் கிளம்பிவிட்டோம்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கதையை யாரிடமும் சொல்லக் கூடாது.

"சொன்னா பாவம்னு யாராவது 'என்னோடதுதான்'னு சொல்லிடுவாங்க. எனக்கு நிஜமான ஆள்தான் வேணும். நீ வாயத் தொறக்கக் கூடாது, ஹாய்ட்."

திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

ஆக, ஒவ்வொரு வருஷமும் மேஜை மேஜையாக அந்தக் கத்தியை எடுத்து வைத்து, "இது உங்க வேலையா?" என்று ஒரே கேள்வி. வெறுங்கையோடு கேள்வி கேட்டால் மரியாதையாக இருக்காது என்றுதான் வருஷத்துக்கு ஒன்று வாங்க ஆரம்பித்தாள். அப்புறம் அது பைத்தியமாக முற்றியது. கத்திக்காரர்கள் நல்ல மனிதர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்து, ஆணியை எண்ணி, "பிடி வால்நட் மரம், எஃகு பழைய லாரி ஸ்பிரிங்" என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்வார்கள். கடைசியில், "என்னோடது இல்லீங்க" என்பார்கள்.

டெல்மர் ப்ரூயிட் மட்டும் வேறு மாதிரி. ஓஸார்க் மலைப்பக்கத்து ஆள். அவர் கத்திக்கு அவ்வளவு கிராக்கி. கேட்பவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், சீட்டு விழுந்தவருக்குத்தான் கத்தி. ஆனால் நெல்டாவுக்குச் சீட்டு கிடையாது. "மிஸ் நெல்டாவுக்கு ஒண்ணு தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்பார். அவளும் அவருக்கென்று பீச் பழம் உள்ளே வைத்துப் பொரித்த பலகாரம் கொண்டுபோவாள். இவ்வளவு சிநேகத்துக்கும் நடுவில், பழைய கத்தியை எடுத்து வைத்தால் மட்டும் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்று தள்ளிவிடுவார். தொடவே மாட்டார். பெரிய ஆளாகிவிட்டால் அழகில்லாத கத்தியைத் தொட்டுப் பார்க்கவும் கை கூசும் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் எரியும்.

இந்த வருஷம் பத்தாவது வருஷம். கடைசியும்கூட. வீட்டை விற்றாயிற்று, ஏப்ரலில் மகள் இருக்கிற ஓரிகனுக்குப் போகிறோம். இவ்வளவு தூரம் இனி வர முடியாது. நெல்டாவுக்கு எழுபத்து மூன்று வயது, முழங்கால் வேறு மக்கர். இரண்டு நாளாக ஒரு மேஜை விடாமல் கேட்டாள். இல்லை. இல்லை. இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கத்திகளை உறையில் போட்டு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் டெல்மர் மேஜை ஒன்றுதான்.

அவர் வழக்கம்போல் ஒரு கத்தி எடுத்து வைத்திருந்தார். நெல்டா கண்ணை மூடிப் பார்த்து, "இது தங்கம்" என்றாள். பலகாரத்தைக் கொடுத்தாள். பிறகு அந்தப் பழைய கத்தியை எடுத்து வைத்தாள்.

"டெல்மர், கடைசி வாட்டி கேக்குறேன்ப்பா. நாங்க ஊரை விட்டுப் போறோம். இது உன் வேலையா? இல்ல, யார் வேலைன்னாவது தெரியுமா?"

அரைக்கண் பார்வை. "இல்ல, மிஸ் நெல்டா."

கத்தியைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார், ஒரே விரலால். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், கையில எடுத்துப் பாருய்யா! ஒரு தடவையாவது எடுத்துப் பாத்துட்டு இல்லன்னு சொல்லு! என்ன, தொட்டா தீட்டா? இது இல்லன்னா நான் இன்னிக்கு உயிரோட இல்ல, தெரியுமா உனக்கு?"

"ஹாய்ட்!" என்றாள் நெல்டா.

"சும்மா இரு நெல்டா. பத்து வருஷம் வாயக் கட்டிட்டு வந்தேன், போதும்!"

கொட்டிவிட்டேன். பாலம், தண்ணீர், என் திமிர், கழலாத பெல்ட், முன்பெட்டி, எல்லாவற்றையும். பக்கத்து மேஜைக்காரர்கள் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நெல்டா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் மூச்சு வாங்கி நிறுத்தியபோது டெல்மர் கையில் அந்தக் கத்தி இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

"பெல்ட் நனைஞ்சிருந்துச்சா, மிஸ் நெல்டா?" என்றார் மெதுவாக.

"தண்ணிக்குள்ளதான் அறுத்தேன்."

"எத்தன இழுப்பு?"

நெல்டா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கதை கேட்கிற வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி. செய்தவனுக்குத்தான் அது கேட்கத் தோன்றும்.

"ஒண்ணு. ஒரே இழுப்பு" என்றாள்.

டெல்மர் பின்னால் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்த மலைக்கார மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்னோடதுதான்" என்றார். "நான் செஞ்ச மூணாவது கத்தி. இடது பக்கம் அதிகமாத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். குப்பைல போட வெச்சிருந்தேன், என் பொண்டாட்டி சர்ச் விற்பனைக்குக் குடுத்துட்டா. மொத வருஷம் நீங்க கொண்டாந்து வெச்சப்ப இங்க நாலு வாடிக்கைக்காரங்க நின்னாங்க. குறை சொல்ல வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். இல்லன்னுட்டேன். அடுத்த வருஷம் பலகாரத்தோட வந்து நிக்கிறீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு பிப்ரவரியும் சொல்லிடணும்னுதான் வருவேன். உங்களப் பாத்ததும் வாய் வராது."

இப்போது நெல்டா வெடிப்பாள் என்று பார்த்தேன். ஒன்பது வருஷத்து விடுதி அறை, பெட்ரோல், முழங்கால் வலி. அவளோ பத்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இதோ. இதுதான். நல்லாப் பாத்துக்கோ" என்றாள். "கோவக்காரன்தான். வாய் ஓயாது. ஆனா எனக்கு இருக்குற ஒரே புருஷன். பத்து வருஷம் கூடக் குடுத்திருக்க, டெல்மர்."

நான் என்ன செய்வேன்? நிற்க வைத்த இடத்தில் நின்றேன். டெல்மர் எழுந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், அவரே செய்த சாமானைப் பார்ப்பது மாதிரி. பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். என் இடது தோள் வலித்தது. நான் சொல்லவில்லை.

"தேய்ப்பைச் சரிபண்ணித் தர்றேன், மிஸ் நெல்டா. பிடியும் புதுசாப் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"கைய வெச்சே, தொலைச்சுடுவேன்" என்றாள் நெல்டா. "அப்படி மெலிசா இருந்ததாலதான் ஒரே இழுப்புல போச்சு. பேரை மட்டும் போட்டுக் குடு."

பெயர் பதிக்கிற மின்பெட்டியைக் கட்டிய மூட்டையிலிருந்து அவிழ்த்து எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பதித்தார். ப்ரூயிட் என்கிற பெயர் அலகில் கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன் என்றார். வேண்டாம், பிடிக்கு ஏற்ற பெயர்தான் என்றேன். அழுதுகொண்டிருந்த மனுஷன் சிரித்துவிட்டார்.

வெளியே வண்டிக்கு வந்தோம். உடைந்த தோள் எனக்குப் பின்னால் போகாது. சீட் பெல்ட்டை நானாக இழுத்து மாட்ட முடியாது. அதனால் நெல்டா எப்போதும் முதலில் என் கதவுக்கு வந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, பிறகுதான் சுற்றிக்கொண்டு தன் பக்கம் போய் ஏறுவாள். அன்றும் நொண்டிக்கொண்டே வந்து குனிந்து மாட்டினாள். க்ளிக் என்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தி செய்தவருக்கு நன்றி சொல்ல இவள் பத்து வருஷம் அலைந்திருக்கிறாள். அந்தக் கத்தியைப் பிடித்திருந்த கை இதோ, என் மடிக்கு மேலே. இந்தக் கைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று கரையில் கண் விழித்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா? வண்டி என்னாச்சு என்று.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நெல்டா, நான் உனக்கு நன்றியே சொல்லல."

"என்ன திடீர்னு?"

"சொல்லல. பத்து வருஷமா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பத்து பிப்ரவரியும் முணுமுணுத்துக்கிட்டே கூட்டிட்டு வந்தியே, அது வேற என்னவாம்? வண்டிய எடு. மழை வரும் போல இருக்கு."

வானம் கறுத்துத்தான் இருந்தது. பாதி வழியில் மழை கொட்டியது. எங்கள் தரைப்பாலத்துக்கு வந்தபோது அதன் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நானே வண்டியைத் திருப்பினேன்.